பையன் லாங் ஸ்னாப்பர், டிராஃப்டுக்குத் தயாராகணும் என்கிறான். கையில் வந்த வேலையை என்ன செய்வது?

ஒஹாயோ அம்மா எழுதியது:

வணக்கம். இங்கே அமெரிக்கன் ஃபுட்பால் தெரிந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள். நம்ம ஊர் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டி மோதுகிற ஆட்டம்.

நாங்கள் கரூர் பக்கம். இங்கே வந்து 24 வருஷம் ஆகிறது. பெரியவன் பக்கத்து மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் நாலு வருஷமாக லாங் ஸ்னாப்பர். குனிந்து நின்று, இரண்டு கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் எறிவான். 15 கஜம் தள்ளி நின்று பந்தைத் தூர உதைக்கிற பன்ட்டர் கையில் அது போய் உட்கார வேண்டும். அவ்வளவுதான் அவன் வேலை. நாலு வருஷம் பனியிலும் மழையிலும் ஃப்ளாஸ்க் டீயோடு உட்கார்ந்து நான் பார்த்ததெல்லாம் அவன் முதுகைத்தான். ஒலிபெருக்கியில் அவன் பேர் ஒரே ஒரு தடவை வந்தது. மூன்றாம் வருஷம், பந்து பன்ட்டர் தலைக்கு மேலே பறந்தபோது.

போன சனிக்கிழமை கடைசி ஆட்டம் முடிந்தது. டிசம்பரில் சிவில் இன்ஜினியரிங் டிகிரி கைக்கு வந்துவிடும். பாலம் டிசைன் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலையும் கிடைத்துவிட்டது, ஜனவரி 12 சேர வேண்டும். இந்த நேரம் பார்த்து ஒரு ஏஜென்ட் போன் செய்து, "எட்டு வாரம் அரிசோனாவில் பயிற்சி, செலவு என்னுடையது, மார்ச்சில் புரோ டே, ஏப்ரலில் டிராஃப்ட்" என்று சொல்லியிருக்கிறார். டிராஃப்ட் என்றால் தொழில்முறை அணிகள் கல்லூரிப் பையன்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பதாம், புரோ டே என்றால் அணிகளின் ஆட்கள் கல்லூரிக்கே வந்து சோதித்துப் பார்க்கிற நாளாம். பையன் இரண்டு நாளாகத் தரையில் நடக்கவில்லை. இவன் அப்பா இரண்டு நாளாகப் பேசவில்லை.

அந்த எட்டு வாரத்தில் அப்படி என்னதான் செய்வார்கள்? இந்த ஏஜென்டை நம்பலாமா? வேலையை விடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை.

கிரிக்கெட் மட்டும் எழுதியது:

அக்கா, கணக்கு ரொம்பச் சின்னது. தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் 32 அணி. அணிக்கு ஒரு லாங் ஸ்னாப்பர். ஆக நாடு முழுக்க 32 வேலை. அதிலும் இருக்கிறவர்கள் சுலபத்தில் எழுந்து போக மாட்டார்கள், ஒருத்தர் பத்துப் பதினைந்து வருஷம்கூட உட்கார்ந்திருப்பார். பாலம் கட்டுகிற வேலைக்கே அனுப்புங்கள். பாலத்துக்கு எப்போதும் ஆள் தேவை.

ஃபீனிக்ஸ் பிசியோ எழுதியது:

கிரிக்கெட் அண்ணன் சொன்ன 32 சரிதான், மறுக்க முடியாது. ஆனால் அக்கா கேட்டது வேறு கேள்வி. நான் இந்த மாதிரிப் பயிற்சிக்கூடம் ஒன்றில் ஒன்பது வருஷமாக பிசியோ. கோயம்புத்தூரில் படித்தவன். ஜனவரி வந்தால் பசங்கள் வருவார்கள், மார்ச் முடிவதற்குள் போய்விடுவார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். அவனுக்குக் கல்லூரியில் ஆடும் தகுதி முழுசாக முடிந்துவிட்டதா? ஏதாவது ஒரு வருஷம் காயத்தில் உட்கார்ந்திருந்தால் இன்னொரு வருஷம் மிச்சம் இருக்கலாம். அப்படியானால் ஏஜென்டிடம் கையெழுத்துப் போட்ட நிமிஷமே அது போய்விடும். முடிந்துவிட்டது என்றால் இந்தப் பேச்சே வேண்டாம்.

ஏஜென்ட் விஷயம். ஆட்டக்காரர் சங்கத்தில் பதிவு பெற்றவரா என்று சங்கத்திடமே கேட்டுச் சரிபாருங்கள். சம்பளத்தில் அதிகபட்சம் 3 சதவீதம்தான் அவர் எடுக்கலாம். பயிற்சிச் செலவை ஏஜென்ட் ஏற்பது இந்தத் தொழிலில் சாதாரணம், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் எந்த அணியும் எடுக்காவிட்டால் அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா, ஏஜென்டை மாற்றினால் தர வேண்டுமா, இது இரண்டும் எழுத்தில் இருக்கட்டும். எங்களிடம் வந்த ஒரு பையனுக்கு வாய்வார்த்தைதான் இருந்தது. ஏப்ரல் முடிந்ததும் ஏஜென்ட் போனை எடுக்கவில்லை, பில் மட்டும் வீட்டுக்கு வந்தது.

சரி, எட்டு வாரம் என்ன செய்கிறோம்? உள்ளதைச் சொன்னால், அது விளையாட்டுப் பயிற்சியே இல்லை. நம்ம ஊரில் விடுதிப் பள்ளிகளில் பப்ளிக் எக்ஸாமுக்கு ப்ளூ பிரிண்ட் பார்த்துத் தயார் செய்வார்களே, அதுதான். கேள்வித்தாள் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். 40 கஜ ஓட்டம், 225 பவுண்ட் பெஞ்ச் பிரஸ், நின்ற இடத்தில் மேலே ஒரு தாவல், முன்னே ஒரு தாவல், கூம்புகளைச் சுற்றி இரண்டு ஓட்டம். இண்டியானாபொலிஸில் பிப்ரவரி கடைசியில் எல்லா அணிகளுக்கும் பொதுவாக நடக்கிற கம்பைன் என்ற சோதனை முகாமிலும் இதே கேள்விகள், கல்லூரியில் நடக்கிற புரோ டேயிலும் இதே கேள்விகள். கம்பைனுக்கு முந்நூறு பேருக்குச் சற்று மேல்தான் அழைப்பு, அதில் லாங் ஸ்னாப்பர் ஒருவரோ இருவரோ. உங்கள் பையனுக்குப் பெரும்பாலும் புரோ டேதான். கல்லூரி சின்னது என்றால் பக்கத்துப் பெரிய பல்கலைக்கழகத்தின் புரோ டேயில் சேர்ந்துகொள்ள வழி இருக்கிறதா என்று கோச்சை இப்போதே கேட்கச் சொல்லுங்கள். அணிகளுக்கு ஆள் தேடுகிற ஸ்கவுட்கள் வராத புரோ டே வீட்டு மொட்டை மாடியில் ஓடுவதற்குச் சமம்.

40 கஜம் என்றால் முப்பத்தாறரை மீட்டர். ஆட்டத்தில் லாங் ஸ்னாப்பர் எத்தனை முறை அவ்வளவு தூரம் நேராக ஓடுகிறான் என்று கேட்காதீர்கள், எனக்கும் அந்தக் கோபம் உண்டு. இதில் துப்பாக்கிச் சத்தம் கிடையாது, விசில் கிடையாது. ஓடுகிறவனின் உடம்பு அசைந்ததும் கடிகாரத்தை அழுத்துவார்கள். அதனால் முதல் இரண்டு வாரம் பசங்கள் ஓடுவதே இல்லை, நிற்கத்தான் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு கை தரையில், இடுப்பை மேலே தூக்கி, எடை முழுக்க முன்விரல்களில், மூச்சைப் பிடித்து மூன்று எண்ணும் வரை கல் மாதிரி. தோள்பட்டை கொஞ்சம் ஆடினால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும், கால் இன்னும் கிளம்பியிருக்காது. போன வருஷம் 300 பவுண்ட் பையன் ஒருவன் அந்த நிலையில் நிற்கும்போது வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டுவதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று. பன்னிரண்டாவது விழுவதற்குள் கிளம்பிவிட்டான்.

என் வேலை அதற்குப் பிறகு. நாலு வருஷம் முட்டிக்கொண்டே இருந்த உடம்பைத் திடீரென்று முழு வேகத்தில் ஓடவிட்டால் பின்தொடைத் தசை பிடித்துக்கொள்ளும். மூன்றாவது வாரத்தில் யாராவது ஒருவன் அப்படித்தான் நொண்டிக்கொண்டு என் மேஜைக்கு வருவான். எட்டு வாரத்தில் அதற்கு மூன்று வாரம் போனால் புரோ டே போன மாதிரிதான். வரும் முன்பே, டிசம்பரிலேயே, மெதுவாக ஓட ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

அளவெடுப்பது தனி வேடிக்கை. உயரம் நாலு இலக்கத்தில் எழுதுவார்கள். 6022 என்றால் 6 அடி 2 அங்குலம், அப்புறம் எட்டில் இரண்டு பங்கு. கை நீளம், விரித்த கையில் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை, எல்லாம் டேப்பில். கிட்டத்தட்ட மாட்டுச்சந்தைதான், பல்லைப் பிடித்துப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. கம்பைன் ஆரம்பித்ததே மருத்துவப் பரிசோதனைக்காகத்தான். பழைய அறுவைச் சிகிச்சை, எலும்பு முறிவு, தலையில் பட்ட அடி ஏதாவது இருந்தால் காகிதங்களை ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். மறைத்துப் பிறகு தெரிந்தால் காயத்தைவிட அதுதான் பெரிய கரும்புள்ளி.

கடைசியாக, வேலை. டிராஃப்ட் 2026 ஏப்ரல் 23 முதல் 25 வரை, பிட்ஸ்பர்கில். எடுக்கப்படாதவர்களுக்குக் கடைசிச் சுற்றான ஏழாவது சுற்று முடிந்த அரை மணியில் போன் வரும், இல்லையென்றால் மே மாதம் புதுமுக முகாமில் ஒரு சோதனைக்கு அழைப்பு வரும். மே முடிவதற்குள் அவன் நிலைமை பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆகவே வேலையை ஏன் விட வேண்டும்? ஜனவரிக்குப் பதில் ஜூனில் சேரலாமா என்று கம்பெனியை நேராகக் கேட்கச் சொல்லுங்கள். கேட்டால் என்ன ஆகிவிடும்?

பேக்கர்ஸ் பைத்தியம் எழுதியது:

பிசியோ எல்லாம் சொல்லிவிட்டார், எனக்கு மிச்சம் வைக்கவில்லை. நான் விஸ்கான்சின். 2025 டிராஃப்ட் எங்கள் கிரீன் பேயில் நடந்தபோது மூன்று நாளும் கூட்டத்தில் நின்றவன், அதனால் இரண்டு வார்த்தை.

இந்த அளவெடுப்பை ரொம்பவும் நம்பாதீர்கள். டாம் பிரேடி 2000இல் 40 கஜத்தை 5.28 நொடியில் ஓடினார், 199வது ஆளாக எடுத்தார்கள். பிறகு அவர் இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய நட்சத்திரமானது ஊருக்கே தெரியும். கூப்பர் கப் 4.62 ஓடினார், மூன்றாம் சுற்று, அப்புறம் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் சிறந்த ஆட்டக்காரர்.

எங்கள் பக்கத்து விஸ்கான்சின்–வைட்வாட்டர் பையன் க்வின் மைனர்ஸ். கல்லூரி விளையாட்டில் கடைசிப் பிரிவான மூன்றாம் பிரிவுக் கல்லூரி, விளையாட்டுக்கு உதவித்தொகைகூடக் கிடையாது. 2020இல் கோவிட் வந்து கடைசி வருஷ ஆட்டமே ரத்து. கனடாவில் காட்டுக்குள் குடும்ப இடத்தில் மரத்தை முட்டித் தள்ளிப் பயிற்சி எடுத்தார். அலபாமாவின் மொபீல் நகரில் சீனியர் பவுல் என்று ஒரு ஆட்டம் நடக்கும், கடைசி வருஷ மாணவர்களுக்காகவே 1950இல் தொடங்கியது. ஆட்டத்தைவிட அதற்கு முந்தைய வாரப் பயிற்சியைப் பார்க்கத்தான் ஸ்கவுட்கள் குவிவார்கள். அந்த ஒரு வாரத்தில் வைட்வாட்டர் பையன் பெரிய பல்கலைக்கழகத்துத் தடியன்களை ஒவ்வொருவராகப் பின்னால் தள்ளினார். டென்வர் அணி மூன்றாம் சுற்றில் எடுத்தது.

லாங் ஸ்னாப்பருக்கு டிராஃப்ட் அபூர்வம், ஆனால் இல்லாமல் இல்லை. கடற்படை அகாடமியின் ஜோ கார்டோனாவை 2015இல் ஐந்தாம் சுற்றில் பேட்ரியட்ஸ் அணி எடுத்தது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிளேக் ஃபெர்குசனை 2020இல் ஆறாம் சுற்றில் டால்ஃபின்ஸ் அணி. அவர் அண்ணன் ரீட் ஃபெர்குசனை யாருமே எடுக்கவில்லை, டிராஃப்டுக்கு வெளியே பஃபலோ அணியில் சேர்ந்து வருஷக்கணக்கில் அங்கேயே ஆடியிருக்கிறார். உங்கள் பையனுக்கு அந்த அண்ணன் வழிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒஹாயோ அம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கிரிக்கெட் தம்பி சொன்னதை இவன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன், இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். பிசியோ தம்பி சொன்னதைப் படித்துக் காட்டவில்லை, போனையே கொடுத்துவிட்டேன். அவரே இரண்டு தடவை படித்தார்.

தகுதி முடிந்துவிட்டது, மிச்சம் இல்லை. ஏஜென்ட் பதிவு பெற்றவர்தான். எழுத்தில் கேட்டதும், எடுக்கப்படாவிட்டால் திருப்பித் தர வேண்டாம், ஏஜென்டை மாற்றினால் தர வேண்டும் என்று அனுப்பியிருக்கிறார். கம்பெனிக்குப் பையன் நேற்று மெயில் போட்டான். இன்று மதியம் மேனேஜரே கூப்பிட்டு, "ஜூன் 1 சரியா?" என்று கேட்டாராம். அவரும் காலேஜில் ஆடியவராம். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது பாருங்கள், நாங்கள்தான் ராத்திரி தூங்கவில்லை.

இப்போது கராஜில் பழைய மெத்தையை நிறுத்தி அதில் கறுப்பு டேப்பால் ஒரு கட்டம் ஒட்டி, அதைப் பார்த்து எறிந்துகொண்டிருக்கிறான். தங்கை போனில் வீடியோ எடுத்து நொடி கணக்குப் பார்க்கிறாள். பந்து கட்டத்துக்குப் போய்ச் சேர 0.78 நொடி வருகிறதாம். அது நல்லதா கெட்டதா? எடை 228 பவுண்ட். என்ன கொடுத்து அனுப்பட்டும்?

ஃபீனிக்ஸ் பிசியோ எழுதியது:

0.75க்குள் வந்தால் ஸ்கவுட் நிமிர்ந்து பார்ப்பார், 0.7 வந்தால் பேனாவைத் திறப்பார். போன் வீடியோவில் கொஞ்சம் முன்பின் இருக்கும், கவலை வேண்டாம். வேகத்தைவிட நூறில் எத்தனை அந்தக் கட்டத்துக்குள் விழுகிறது என்பதைத் தங்கையிடம் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கம்பங்களுக்கு நடுவே உதைக்கிற ஃபீல்டு கோலுக்குக் கொடுக்கும் பந்து, அதைத் தரையில் நிறுத்திப் பிடிக்கிற ஹோல்டர் கைக்குப் போகும்போது தையல் உதைப்பவனுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும், அதையும் குறிக்கட்டும்.

228 கம்மி. எறிந்த அடுத்த நொடி எதிராளியைத் தடுக்கவும் வேண்டுமே, 240 பக்கம் இருந்தால் நல்லது. ஆனால் எட்டு வாரத்தில் கொழுப்பாக ஏற்றினால் 40 கஜத்தில் மாட்டிக்கொள்வான். இங்கே சமையல்காரர் இருக்கிறார், சாப்பாட்டுக்குக் குறை இல்லை. இட்லிப்பொடி மட்டும் கொடுத்துவிடுங்கள், முட்டைமேல் தூவிச் சாப்பிடுவான். போன ஜனவரியில் வந்த ஜார்ஜியா பையன் என்னுடைய டப்பாவையே காலி செய்துவிட்டான்.

முக்கியமான ஒன்றை மறந்துவிட்டேன். கல்லூரிப் பந்தில் வெள்ளைக் கோடு இருக்கும், என்எஃப்எல் பந்தில் இருக்காது, கையில் பிடிக்கும்போதும் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். வில்சன் டியூக் என்று கேட்டு இரண்டு பந்து இப்போதே வாங்கிவிடுங்கள். புதுசில் வழுக்கும், தேய்த்துத் தேய்த்துப் பழக்க வேண்டும். கிறிஸ்துமஸ் வரை காத்திருக்க வேண்டாம்.