பதில்: பதில்: பள்ளிக்கூடத்துக்கு ஆர்.ஓ. – நன்கொடை வேண்டி

குமரேசன், ஓசூர்

எல்லோருக்கும் வணக்கம். போன மடலில் சொன்ன விஷயம்தான். பள்ளிக்கூடத்துக்கு ஆர்.ஓ. (குடிநீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம்) போட கொட்டேஷன் வந்துவிட்டது. நாலு லட்சத்து எண்பதாயிரம். மாதக் கடைசிக்குள் அட்வான்ஸ் கொடுத்தால் முப்பதாயிரம் குறைப்பார்களாம்.

கம்பெனிக்காரர் ஹெட்மாஸ்டர் முன்னாலேயே செய்து காட்டினார். ஒரு டம்ளரில் நம் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவருடைய தண்ணீர். இரண்டிலும் கம்பியை விட்டு கரண்ட் கொடுத்தார். நம் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் செங்கல் நிறமாகி மேலே அழுக்கு திரண்டது. அவருடையது அப்படியே பளிங்குபோல இருந்தது. பார்த்த வாத்தியார்கள் அதற்கப்புறம் குழாய்ப் பக்கமே போகவில்லை.

நம் ஊர்ச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடும் ஆளை இன்னும் மாற்றவில்லை. அதனால் இப்போதைக்கு என் கணக்குக்கே அனுப்புங்கள்.

நாகராஜன், சிங்கப்பூர்

தம்பி, கையெழுத்து மாற்றவில்லை என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறாய்? மண்டபத்துக்குப் பந்தி ஷெட் போட்ட பணத்தில் மிச்சம் எவ்வளவு, அது எங்கே என்று கேட்டதற்கே இன்னும் பதில் வரவில்லை. சிமென்ட் மூட்டைக்கு இரண்டு பில், இரண்டிலும் ஒரே தேதி. அதையும் கேட்டேன். கேட்டதும் என்னைக் கஞ்சன் என்றார்கள்.

இன்னொன்று. நியூஜெர்சிக்காரர்கள் பாதிப் பேர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார்கள். அவர்கள் கொடுப்பது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு இல்லாத சங்கம் அதைத் தொடவே கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. ஆனால் அதுவும் சங்கக் கணக்குக்குத்தான் வர வேண்டும், உன் கணக்குக்கு இல்லை. நாளைக்கு எவனாவது நோட்டீஸ் அனுப்பினால் நீதான் பதில் சொல்வாய்.

மாதப்பன், துபாய்

பணம் கொடுக்க மனசில்லை என்றால் நேராகச் சொல்லிவிடலாம் சித்தப்பா.

எனக்கு வேறு வருத்தம். தண்ணீர் சரியில்லை, பல் சரியில்லை என்று இந்தக் குழுவில் எழுதுவதை யாரோ எடுத்து வாட்ஸப்பில் சுற்ற விடுகிறார்கள். சேலத்துக்காரன் ஒருவன் இங்கே கேம்பில் என்னிடமே காட்டிச் சிரித்தான். காவிரித் தண்ணீர் குடிக்கிற ஊர் நம்முடையது. 2008-ல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டிய பிறகு, அதை எதிர்த்துப் பெங்களூரில் தமிழ்ப் படம் ஓடிய தியேட்டர்கள் முன்னால் நடந்த ரகளையை நான் அங்கேயே இருந்து பார்த்தவன். ஜப்பான் கடன், 1,900 கோடிக்கு மேல் செலவு, 2013-ல் திறந்தார்கள். அவ்வளவு போராடி வந்த தண்ணீரை நாமே விஷம் என்று சொன்னால் எப்படி? நம் ஊரில் யாருக்கு என்ன ஆகிவிட்டது?

கலைச்செல்வி, மஸ்கட்

மாதப்பன் அண்ணா, என்ன ஆகிவிட்டது என்று கேட்டதால் எழுதுகிறேன். ஆடிப் பண்டிகைக்குப் போயிருந்தேன். என் தம்பி மகள் நாலாம் வகுப்பு. முன்பல் இரண்டிலும் குறுக்காக பழுப்புக் கோடு. தேய்த்தால் போகாது. அவள் வகுப்பில் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கிற பிள்ளை அவள் மட்டும் இல்லை.

முதலில் அந்தக் கம்பி வித்தை. குமரேசன் அண்ணா, அதை நம்பி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் விடுவது இரும்புக் கம்பி. தண்ணீரில் உப்புச் சத்து இருந்தால் கரண்ட் ஓடும், இரும்பு கரைந்து துருவாக மிதக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகவும் குறைவு, அதனால் கரண்ட் சரியாக ஓடாது, நிறமும் மாறாது. அவருடைய பளிங்குத் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் செங்கல் நிறமாகும். நிறம் வருவது கம்பியிலிருந்து. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்து ஆய்வகத்தில் எனக்கு வேலையே தண்ணீரைச் சோதிப்பதுதான், அதனால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

அதற்காக நம் தண்ணீர் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. நம் பக்கத்துக் கெடுதலுக்கு நிறமும் கிடையாது, ருசியும் கிடையாது. ஃபுளோரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பாறையிலேயே அது இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர் தண்ணீர் அந்தப் பாறை இடுக்கில் வருஷக்கணக்கில் கிடந்து அதை ஊறவைத்து எடுத்துக்கொண்டு வருகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. தண்ணீரில் கரைந்த உப்பை மொத்தமாகக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தால் இது தெரியாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டி இன்னும் கூடத்தான் செய்யும். என் அம்மா இன்றைக்கும் பேத்திக்கு நன்றாகக் காய்ச்சித்தான் கொடுக்கிறார். கிருமிக்கு அது சரி, இதற்கு உதவாது.

இப்போது காவிரித் தண்ணீர் விஷயம். ஒகேனக்கல் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு என்று இருக்கிறது. ஃபுளோரைடு கூடிப் பல்லும் எலும்பும் கெடுவதுதான் ஃபுளோரோசிஸ். இந்தப் பல்லுக்காகத்தான் அத்தனை கோடி. தம்பி மகள் பிறந்தது திட்டம் திறந்த பிறகு. அப்புறம் எப்படிக் கறை வந்தது? டேங்க் ஆபரேட்டரிடம் கேட்டேன். ஒகேனக்கல் தண்ணீர் அளவு குறைகிற நாளில், வராத நாளில், போர் மோட்டாரைப் போட்டு அதே மேல்நிலைத் தொட்டியை நிரப்புகிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தொட்டி காலியாக இருந்தால் தெருவே அவர் வீட்டு முன்னால் குடத்தோடு நிற்கும். ஆனால் குழாயில் வருவது இன்றைக்கு ஒரு கலவை, நாளைக்கு வேறு கலவை. எல்லோரும் அதைக் காவிரி என்று நம்பிப் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள்.

பல்லைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பல்லின் எனாமல் ஈறுக்குள்ளேயே உருவாகிவிடும், பிறந்ததிலிருந்து நாலைந்து வயதுக்குள். வெளியே முளைப்பது ஆறேழு வயதில். அப்படியானால் இன்று நாம் பார்க்கும் கறை அவள் கைக்குழந்தையாக இருந்தபோது குடித்த தண்ணீரின் கறை. பள்ளிக்கூடத்தில் ஆர்.ஓ. போட்டால் ஒன்றாம் வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைக்கு அந்த முன்பல்லைப் பொறுத்தவரை நேரம் கடந்துவிட்டது. பின்னால் உருவாகும் பற்களுக்கும் எலும்புக்கும் உதவும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் சரியாக வேண்டிய இடம் வீடும் அங்கன்வாடியும். தொட்டி சரியானால் இரண்டும் சரியாகும்.

ஆர்.ஓ. ஃபுளோரைடை எடுத்துவிடும், உண்மைதான். கூடவே நிறையத் தண்ணீரைக் கழிவாகச் சாக்கடையில் விடும், எடுத்த ஃபுளோரைடும் அதோடு போகும். வடிகட்டியும் மெம்பரேனும் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். முன்பு ஒரு புண்ணியவான் கொடுத்த ஆர்.ஓ. இப்போது சைக்கிள் ஸ்டாண்டில் துணி காயப் போட உதவுகிறது. அதை யாரும் இந்தக் குழுவில் எழுதக் காணோம்.

இதைவிட அவசரமானது சந்தைத் தெரு. அங்கே குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே போகிறது. இணைப்பில் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருக்கிறார்கள். தண்ணீர் வரும்போது கசிவது கண்ணுக்குத் தெரிகிறது. நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் போய், அதே ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே ஏறும். தெருவில் நாலு பேர் குழாயில் நேராக மோட்டார் மாட்டியிருக்கிறார்கள், யார் என்று எல்லோருக்கும் தெரியும், அது உறிஞ்சும்போது இன்னும் மோசம்.

கிருமியைக் கொல்லத் தொட்டியில் போடுவது குளோரின். ஆபரேட்டரிடம் இருந்த குளோரின் சோதனை டப்பாவை வாங்கி நானே பார்த்தேன். சொட்டு மருந்தை விட்டால் தண்ணீர் மஞ்சளாக வேண்டும், அந்த மஞ்சள்தான் குளோரின் மிச்சமிருப்பதற்கு அடையாளம். தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் மஞ்சள் வந்தது. சந்தைத் தெருவின் கடைசி வீட்டில் நிறமே இல்லை. அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். தொட்டிப் படிக்கட்டுக்கு அடியில் பிளீச்சிங் பவுடர் மூட்டை வாய் திறந்தே கிடக்கிறது. திறந்து வைத்த பவுடர் வீரியம் போய்விடும். ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் என்று கணக்காகப் போட்டாலும் அது சுண்ணாம்பைப் போட்ட மாதிரிதான். ஃபுளோரைடு பல்லைக் கெடுக்க வருஷங்கள் ஆகும். இந்தச் சாக்கடைக் கலப்பு ஒரே ராத்திரியில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்.

அதனால் நான் கேட்பது இதுதான். நாலு லட்சத்தைச் செலவழிக்கும் முன் தண்ணீரைச் சோதிப்போம். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் தர்மபுரியிலேயே இருக்கிறது, கட்டணம் கட்டினால் யாரும் கொடுக்கலாம். ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில் ஒரு தடவை, போர் ஓடும் நாளில் ஒரு தடவை, தொட்டி, பள்ளிக்கூடம், சந்தைத் தெரு கடைசி வீடு மூன்றிலும் பிடிக்க வேண்டும். ஃபுளோரைடுக்குச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் போதும், கண்ணாடி வேண்டாம். கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே பாட்டில் கொடுக்கும். அதைக் கழுவக் கூடாது, மூடியின் உட்புறம் விரல் படக் கூடாது, ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பேரூராட்சியில் போய் உட்காரலாம். குழாயை மாற்றிப் போட நமக்கு நாமே திட்டத்தில் நம் பங்கைக் கட்டினால் மீதியை அரசு போடும். நம் பணத்துக்கு அது நல்ல வேலை.

கோவிந்தசாமி, நியூஜெர்சி

கலைச்செல்வி அம்மா, வாத்தியார் வேலை பார்த்த எனக்கே பாடம் எடுத்துவிட்டாய். சந்தோஷம்.

தர்மபுரி சேலம் ஜில்லாவில் இருந்த காலத்தில் நாங்கள் குடித்தது கோயில் சேந்துகிணறு. விடியற்காலையில் ராட்டினம் கிறீச்சிடும் சத்தத்தில்தான் தெரு எழும். களிக்கு அந்தத் தண்ணீர், மோருக்கு அந்தத் தண்ணீர். படிக்கட்டுக் கிணற்றில் குடித்தவர்களுக்குக் காலில் நரம்புச் சிலந்திப் புழு வரும், குச்சியில் சுற்றிச் சுற்றி எடுப்பார்கள். அதனால் போர் குழாய் வந்தபோது இனிமேல் சுத்தமான தண்ணீர் என்று மாலை போட்டு வரவேற்றோம். தேங்காய் உடைத்தது நான்தான்.

என் தகப்பனாருக்குக் கடைசிக் காலத்தில் முதுகு பலகையாகிவிட்டது. யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப மாட்டார், உடம்போடு திரும்புவார். வாதம் என்று தைலம் தேய்த்தோம். கைப்பம்பு எங்கள் வீட்டு வாசலில்தான் இருந்தது. நம் வாசலிலேயே தண்ணீர் என்று அவருக்கு அவ்வளவு பெருமை. நீ எழுதியதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை.

மாதப்பன், துபாய்

பெரியப்பா அப்படிச் சொன்னபிறகு நான் என்ன பேசுவது. ஆனாலும் சொல்கிறேன். எனக்குப் பெண் பார்த்தபோது கிருஷ்ணகிரியில் ஒரு வீட்டில் பல்லைப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கத்துத் தண்ணீர்?" என்று கேட்டார்கள். அதோடு முடிந்தது. அன்றைக்கு என்கூட வந்த தரகர் யார் என்று நாகராஜன் சித்தப்பாவுக்குத் தெரியும். வெளியே வந்து சிரித்தவர் யார் என்பதும் தெரியும். அதனால் பல்லைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஊர் பெயரைப் போட்டு எழுதாதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். சோதனைக்கு ஆகும் செலவு முழுவதும் என்னுடையது.

நாகராஜன், சிங்கப்பூர்

முப்பது வருஷத்துக் கதையை இங்கே இழுக்க வேண்டாம் மாதப்பா. நான் சிரித்தது வேறு விஷயத்துக்கு.

சோதனைச் செலவை ஒருவரே போட வேண்டாம். ஆளுக்குக் கொஞ்சம் போடலாம், ரசீதோடு. ஆய்வகம் தரும் ரசீதை ஸ்கேன் செய்து குழுவில் போட வேண்டும், பஸ் டிக்கெட் உட்பட. ஆர்.ஓ. கொட்டேஷனில் "இதர செலவு 22,000" என்று இருக்கிறதே, அது என்ன இதரம் என்று கம்பெனிக்காரரிடம் கேட்டு எழுது குமரேசா. அட்வான்ஸ் கொடுக்காதே.

குமரேசன், ஓசூர்

சரி, அட்வான்ஸ் கொடுக்கவில்லை. எல்லோரும் உத்தரவு போடுகிறீர்கள், பஸ் ஏறுவது நான். இருக்கட்டும். வியாழக்கிழமை ஒகேனக்கல் தண்ணீர் வருமாம், அன்றைக்கு லீவு போட்டுப் போகிறேன். தொட்டியும் பள்ளிக்கூடமும் என் பொறுப்பு. சந்தைத் தெரு கடைசி வீடு யாருடையது என்று கலைச்செல்விக்குத் தெரியும்தானே? அந்த வாசலில் நான் கால் வைக்க மாட்டேன். எங்கள் அப்பா சாவுக்கு வராத வீடு. வேறு ஆள் பாருங்கள்.

கலைச்செல்வி, மஸ்கட்

அண்ணா, அத்தையிடம் போனில் பேசிவிட்டேன். எப்படிப் பிடிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன், இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தேன். ஃபுளோரைடு பாட்டிலைப் பிடித்துத் திண்ணையில் வைப்பார், நீங்கள் தெருவில் நின்றே எடுத்துக்கொள்ளலாம். கிருமிப் பாட்டிலை ஆபரேட்டர் பிடித்துக் கொடுப்பார். ஐஸ் பெட்டியை மட்டும் மறக்காமல் கொண்டு போங்கள்.