சிட்டி கோல்ஃபுக்கு ஷார்ட் ஷிஃப்டர் வேண்டுமா, புஷ்கள் போதுமா?

ஃபீல்ட்ஸ் ஹில் ஓட்டுநர்:
என்னிடம் இருப்பது தென்னாப்பிரிக்காவின் யூட்டன்ஹேக் ஆலையில் செய்த 2004ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் கார். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஹில்கிரெஸ்ட்டுக்கு வேலைக்குப் போகும்போது, ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் மூன்றுக்கும் இரண்டுக்குமாகக் கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கியர் லீவர் வெகுதூரம் போகிறது. இரண்டாம் கியருக்கு இழுத்தால் என் கை பக்கத்து இருக்கையின் விளிம்பில் இடிக்கிறது. ஆகவே லீவரின் பயணத்தைக் குறைக்கும் ஷார்ட் ஷிஃப்டர் ஒன்றை வாங்கி நானே பொருத்தலாம் என்று நினைக்கிறேன். என் மகள் கே53 ஓட்டுநர் தேர்வுக்கு இதே காரில்தான் பழகுகிறாள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு ஆலோசனை சொல்லுங்கள்.

பட்டறை அண்ணா:
தம்பி, பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். என்ஜினை நிறுத்தி, நான்காம் கியரில் போட்டு, குமிழை இரண்டு விரல்களால் பிடித்து இடமும் வலமும் அசையுங்கள். கஞ்சிப் பானையில் அகப்பை துழாவுவதுபோல லீவர் ஆடினால், குறை லீவரின் நீளத்தில் இல்லை, மூட்டுகளில் அமரும் புஷ் என்ற சிறு உறைகளில் இருக்கிறது. இந்தக் காரில் லீவரின் அசைவு தரைக்கு அடியில் ஓடும் ஒரு ராடு வழியாக முன்னே போய், கியர்பாக்ஸின் அருகே சிறு இணைப்பு ராடுகளுக்கு மாறி, அதன் பிறகுதான் உள்ளே போகிறது. ஒவ்வொரு மூட்டிலும் பிளாஸ்டிக் புஷ் ஒன்று இருக்கிறது. இருபது வருட வெயிலும், டர்பனின் உப்புக் காற்றும், அடியில் தெறிக்கும் மழைநீரும் பட்டு அவை வெடித்துப்போகின்றன. மூட்டுக்கு மூட்டு ஆட்டம் சேர்ந்து குமிழில் பெரிதாகத் தெரிகிறது. அந்த ஆட்டத்தின் மேல் ஷார்ட் ஷிஃப்டரை ஏற்றினால் ஆட்டம் இன்னும் பெருகும்.

எம்எக்ஸ்5 விரும்பி:
அண்ணா சொன்ன சோதனையை ஏற்கிறேன். கடைசி வாக்கியத்தை ஏற்க முடியவில்லை. லீவரின் அச்சுக்கு மேலே 300 மி.மீ., கீழே 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அடிமுனை 15 மி.மீ. நகர வேண்டுமென்றால் குமிழ் 90 மி.மீ. நகர வேண்டும். கீழ்ப்பகுதியை 70 மி.மீ. ஆக்கினால் குமிழுக்கு ஏறக்குறைய 64 மி.மீ. போதும். ராடுகளில் உள்ள ஆட்டமும் அதே விகிதத்தில் குறைந்துதான் கைக்கு வரும். லீவரின் பந்து மூட்டே தளர்ந்திருந்தால் மட்டும், அந்தத் தளர்ச்சி அதே அளவுக்குக் குறையாமல், சுருங்கிய பயணத்துக்குள் சற்றுப் பெரிதாகத் தெரியும்.

என் மாஸ்டா எம்எக்ஸ்5 காரில் லீவர் நேராகக் கியர்பாக்ஸுக்குள்ளேயே இறங்குகிறது, இடையில் ராடு கிடையாது. ஷார்ட் ஷிஃப்டர் கிட் பொருத்தியபோது, பழைய லீவரின் அடியில் இருந்த நைலான் கிண்ணம் ஒரு பக்கம் தேய்ந்து பிறைபோல இருந்ததையும், உள் ரப்பர் உறை கிழிந்து எண்ணெய் வற்றியிருந்ததையும் கண்டேன். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினேன். கிட்டே தேவையில்லை என்று ஒதுக்குவது சரியல்ல.

பட்டறை அண்ணா:
ராடுகளின் ஆட்டம் பற்றி நீங்கள் சொன்னது சரி. நான் எழுதியது தவறு. ஆனால் உங்கள் கணக்கின் மறுபாதியையும் போட்டுப் பாருங்கள். அடிமுனைக்கு 120 நியூட்டன் விசை வேண்டுமென்றால், முன்பு குமிழில் 20 நியூட்டன் போதும். இப்போது 28 வேண்டும். பயணம் 29 சதவீதம் குறைந்தது, விசை 40 சதவீதம் கூடியது.

இதைவிட எனக்குக் கவலை சின்க்ரோவைப் பற்றித்தான். அது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சிறு கூம்புக் கிளட்ச். வளையம் உரசி, இரு பக்கத்தின் வேகமும் ஒன்றான பிறகுதான் பற்கள் பொருந்த வழிவிடும். அதற்கு ஆகும் நேரத்தை எந்தக் கிட்டும் குறைக்காது. லீவர் குட்டையானதும் கை அவசரப்படுகிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது, அதாவது நம் தம்பி ஃபீல்ட்ஸ் ஹில்லில் செய்யும் அதே வேலையில், பழைய வளையம் முதலில் அடி வாங்குகிறது. கிட் போட்ட சில மாதங்களில் இரண்டாம் கியர் அரைக்கிறது என்று என்னிடம் வந்த கார்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன்; வளையத்தின் உள்பக்கம் வரி அழிந்து, கண்ணாடிபோல வழவழத்துக் கிடக்கும்.

பீனிக்ஸ் வாசி:
பொருத்துவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காரை ஜாக்கில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் நுழையாதீர்கள்; ஸ்டாண்டு வைத்து, பின்சக்கரத்துக்குக் கட்டையும் போடுங்கள். ராடின் கிளாம்ப்பைத் தளர்த்துவதற்கு முன் அது இருந்த இடத்தில் ஒரு கோடு கீறிவிடுங்கள். திரும்ப இறுக்கும்போது நியூட்ரல் நிலை கொஞ்சம் பிசகினாலும், ஏதாவது ஒரு கியர் முழுதாக விழாமல், சுமை ஏறும்போது வெளியே குதித்துவிடும். எல்லாவற்றையும் முடுக்கி முடித்ததும், ஓட்டுவதற்கு முன், ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியரையும் நிறுத்திய காரிலேயே போட்டுப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவித்துவிடுங்கள்.

எம்எக்ஸ்5 விரும்பி:
எட்டு நியூட்டன் என்பது ஒரு கிலோ எடையைவிடக் குறைவு. அதற்காகக் கை வலிக்கப்போவதில்லை. அவசரம் ஓட்டுபவரின் பழக்கம், அதை லீவரின் மேல் ஏற்றக் கூடாது. ஆனால் தேர்வு செய்யும்போது அளவோடு தேர்வு செய்ய வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாதியாகக் குறைக்கிறோம் என்று விற்பதை விட்டுவிட்டு, கால்பங்கு அல்லது அதற்குச் சற்று மேல் குறைப்பதை வாங்குங்கள். ரப்பர் இருந்த இடத்தில் முழு உலோகம் வைத்தால் கியர்பாக்ஸின் இரைச்சல் முழுவதும் குமிழுக்கு வந்துவிடும்.

பட்டறை அண்ணா:
அப்படியென்றால் மகளுடைய நிலை என்ன? கே53 தேர்வில் ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டாலே தோல்விதான். முன்பின் பயணத்தை மட்டும் குறைக்கும் கிட் என்றால் பரவாயில்லை. பக்கவாட்டுப் பயணத்தையும் குறைக்கும் கிட் என்றால் ஒன்றும் மூன்றும் நெருங்கிவிடும். பதற்றத்தில் மூன்றாம் கியரில் கிளட்சை விட்டு என்ஜினை அணைத்துவிட்டால், அந்தப் பிள்ளையின் உழைப்பு வீணாகும்.

ஃபீல்ட்ஸ் ஹில் ஓட்டுநர்:
அண்ணா சொன்ன சோதனையைச் சனிக்கிழமை செய்தேன். நான்காம் கியரில் குமிழ் பக்கவாட்டில் 55 மி.மீ. ஆடியது. அடியில் பார்த்தபோது, இணைப்பு ராடு ஒன்றின் முனையில் புஷ் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளான பிளாஸ்டிக் துண்டு ஒன்று மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. விரல் பட்டதும் உதிர்ந்தது. எல்லாப் புஷ்களையும் மாற்றி, கிரீஸ் வைத்து, கோடு கீறிய இடத்திலேயே கிளாம்ப்பை இறுக்கினேன். இப்போது ஆட்டம் 15 மி.மீ.; இரண்டாம் கியருக்கு இழுக்கும்போது கை இருக்கையைத் தொடுவதில்லை.

ஆனாலும் பயணம் எனக்கு இன்னும் நீளமாகத்தான் படுகிறது, ஆகவே எம்எக்ஸ்5 நண்பர் சொன்ன அளவில், முன்பின் பயணத்தை மட்டும் குறைக்கும் கிட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். மகளுடைய தேர்வு முடியும்வரை அது பெட்டியிலேயே இருக்கும். அண்ணா, அதற்குள் கியர் எண்ணெயையும் மாற்றிவிடலாமா, ஜிஎல்-4 வகைதானே போட வேண்டும்?

பட்டறை அண்ணா:
ஜிஎல்-4 தான். ஜிஎல்-5 வழுக்கல் அதிகம், சின்க்ரோ வளையம் பிடிக்காது. பழைய எண்ணெயை வடிக்கும்போது ஒரு வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். வளையம் தேய்ந்த பித்தளைத் தூள் மினுங்கினால், கிட்டைப் பிரிப்பதற்கு முன் என்னிடம் சொல்லுங்கள்.