சமுதாயக் கூடச் சமையலறை: இடித்துக் கட்டுவதா, இருப்பதை வைத்து ஓட்டுவதா?

கரண்டி:
ஆதரவற்றவர்களுக்குத் தினமும் ஒரு வேளை சூடாகச் சாப்பாடு போடுவது என்று எங்கள் சமுதாயக் கூடத்தில் முடிவாகிவிட்டது. சமையலறையோ கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு டீ போடக் கட்டியது. ஒரே சிங்க், புகை வெளியேற ஒரு ஜன்னல். சேர்ந்த பணத்தில் முதலில் எதைச் செய்யலாம்?

வரவுசெலவு:
டைல்ஸ் ஒட்டினால் யார் வயிறும் நிறையாது. இருக்கிற அடுப்பில் நாளைக்கே ஆரம்பியுங்கள், பணம் மளிகைக்குப் போகட்டும். பளபளவென்று கட்டி, திறப்பு விழாவோடு பூட்டிய சமையலறைகளைப் பார்த்தாயிற்று.

அண்டா:
டைல்ஸை யார் கேட்டார்கள்? பச்சை இறைச்சி வைத்த பாத்திரத்தைத் தேய்த்த சிங்க்கிலேயே காய் அலசி, கையும் கழுவப் போகிறார்கள். சாப்பிட வருகிறவர்களில் வயதானவர்களும் நோயாளிகளும் இருப்பார்கள். நமக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு போவது அவர்களை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். கை கழுவ ஒரு சிங்க் தனியாக வேண்டும். பாத்திரத்துக்கு மூன்று: தேய்க்க, அலச, கிருமிநாசினியில் முக்க.

வரவுசெலவு:
வீட்டில் எல்லாரும் ஒரே சிங்க்கில்தானே கழுவுகிறோம்? யாரும் செத்துப் போய்விடவில்லை.

அண்டா:
வீட்டில் நாலு பேருக்குச் சமைத்து உடனே சாப்பிட்டுவிடுகிறோம். பெரிய பாத்திரத்தின் கதை வேறு. ஓரம் ஆறியிருக்கும், கரண்டியை நடுவில் விட்டால் ஆவி பறக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. மிஞ்சியதைப் பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் ஏற்றினால் உள்ளே இருப்பதும் சேர்ந்து சூடாகும். அகலத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி ஆற வைக்க வேண்டும். அதற்கு மேடையில் இடம் வேண்டாமா?

கரண்டி:
மிச்சமே வைக்காமல், அன்றன்று சமைத்து அன்றே தீர்த்துவிட்டால்?

வரவுசெலவு:
அப்படிக் கேளுங்கள்! பெரிய ஃபிரிட்ஜ் செலவு மிச்சம்.

அண்டா:
அதற்கு நானும் சம்மதம். ஆனால் எக்ஸாஸ்டை விடமாட்டேன். ஜன்னல் புகையைத்தான் ஓரளவு விடும், எண்ணெய்ப் பிசுக்கு சுவரிலேயே தங்கும். ஒரு நாள் அதில் தீப்பிடிக்கும். பதற்றத்தில் யாராவது எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் தீ கூரை வரை எழும். சமையல் எண்ணெய்த் தீக்கென்றே இருக்கிற அணைப்பானையும் வாங்கிக் கைக்கெட்டும் இடத்தில் மாட்டுங்கள்.

வரவுசெலவு:
சரி, சிங்க், எக்ஸாஸ்ட், தீயணைப்பான். அதற்கு மேல் அலமாரி, பெயின்ட் என்று யாராவது கிளம்பினால் கணக்கு கேட்பேன். அப்புறம், எக்ஸாஸ்ட் வடிகட்டியை வாராவாரம் கழற்றித் தேய்க்கப்போவது யார்? வாங்குவதற்கு முன்பே பெயர் எழுதிவிடுங்கள்.

கரண்டி:
உங்கள் பெயரைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன்.