மலைப் பயணத்துக்காக மாற்றிய மோட்டார் சைக்கிள் வேகத்தில் ஆடுகிறது: உதவி தேவை

வெருலம்_ஓட்டி:
அனைவருக்கும் வணக்கம். காட்டு வழிகளில் ஓட்டுவதற்கென்று வாங்கிய மோட்டார் சைக்கிளை நெடும்பயணத்துக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறேன். பெரிய டேங்க், பின்னால் கேரியர், இரு பக்கமும் அலுமினியப் பெட்டி, ஹேண்டில்பாரில் ஒரு சிறிய காற்றுத் தடுப்புக் கண்ணாடி எல்லாம் பொருத்தியாயிற்று. தென்னாப்பிரிக்காவின் டிரேக்கன்ஸ்பர்க் மலையில் இருக்கும் சானி கணவாய் ஏறி லெசோத்தோ நாட்டுக்குள் போய்வருவது திட்டம். சோதித்துப் பார்க்க, வெருலத்திலிருந்து மலையடியில் உள்ள அண்டர்பர்க் ஊர் வரை சென்றபோது, 90 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் வண்டி பயங்கரமாக ஆடத் தொடங்கியது. வேகத்தைக் குறைத்தால் அடங்கிவிடுகிறது. இதற்கு என்ன காரணம்? மாதக் கடைசியில் கிளம்ப வேண்டியிருப்பதால் விரைவாகச் சொல்லுங்கள்.

மாரிட்ஸ்பர்க்_பட்டறை:
தம்பி, எந்த வண்டி, எந்த டயர், காற்று எவ்வளவு, உங்கள் எடை எவ்வளவு, பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதில் ஒன்றைக்கூட எழுதவில்லையே. ஆட்டம் என்பதிலும் இரண்டு வகை உண்டு. ஹேண்டில்பார் மட்டும் கைக்குள் வெடவெடவென்று உதறுவது ஒன்று. ஹேண்டில்பார் ஏறக்குறைய அமைதியாக இருக்கும்போதே, வண்டி முழுவதும் இடுப்புக்குக் கீழே நொடிக்கு இரண்டு மூன்று முறை பக்கவாட்டில் அலைவது மற்றொன்று. முதல் வகைக்கு முன்பக்கத்தையும் இரண்டாவதற்குப் பின்பக்கத்தையும் முதலில் பார்ப்பது எங்கள் வழக்கம். உங்களுடையது எது?

டயர்_பித்தன்:
இதில் யோசிக்க எதுவும் இல்லை, டயர்தான். மண் பாதைக்கென்று தடித்த ரப்பர் கட்டைகள் வைத்த டயரைத் தார்ச்சாலையில் 90க்கு மேல் ஓட்டினால் அந்தக் கட்டைகள் வளைந்து நெளியும், வண்டியும் கூடவே நெளியும். காட்டுக்குள் ஓட்டும்போது வைத்திருந்த 1 பார் (காற்றழுத்த அளவு) காற்றோடு அப்படியே கிளம்பியிருப்பீர்கள். சுமையோடு தார்ச்சாலையில் போவதென்றால் பின் டயரில் 2 பார் வரை வையுங்கள், சரியாகிவிடும்.

பெரியவண்டி:
இத்தகைய கேள்விகளை இங்கே அடிக்கடி பார்க்கிறேன். பந்தயக் குதிரையை வாங்கி மூட்டை ஏற்றிவிட்டு, அது ஏன் தள்ளாடுகிறது என்று கேட்டால் என்ன சொல்வது? பயணத்துக்கென்றே செய்த வண்டிகளை அந்த நிறுவனங்களின் பொறியாளர்கள் விளையாட்டுக்கா வடிவமைக்கிறார்கள்? அதற்குப் பணம் இல்லையென்றால் கொஞ்சம் பொறுத்திருந்து வாங்கியிருக்கலாம். டிரேக்கன்ஸ்பர்க் மலை சோதனைக் கூடம் அல்ல.

மெல்லிய_சுமை:
பெரியவண்டி அண்ணன் 200 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியைச் சரளையில் கீழே போட்டுவிட்டுத் தூக்கிவிட ஆளைத் தேடும் நேரத்தில், இலகு வண்டிக்காரர் மலை உச்சியில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லுங்கள்.

வெருலம்_ஓட்டி:
வண்டி சுசுகி டிஆர்-இசட்400இ, 2006ஆம் ஆண்டினது. டயர் மிட்டாஸ் இ-09. காற்று சரியாகத்தான் இருக்கிறது. என் எடை 88 கிலோ. வண்டி முழுவதும்தான் ஆடுகிறது, கை உதறவில்லை.

கூம்புத்தலை:
ஸ்டீரிங் தலை பேரிங்கைப் பார்த்தீர்களா? பழைய வண்டியில் அங்கே கிரீஸ் காய்ந்துபோயிருக்கும். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஹேண்டில்பாரை ஒரு விரலால் மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்புங்கள். நடுவில் வந்ததும் ஒரு பள்ளத்தில் விழுந்தாற்போல் நின்றால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். பிறகு ஃபோர்க்கின் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரு குழாய்கள்) அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று கைக்குத் தட்டினால் இறுக்கம் போதவில்லை. இதைப் பார்க்காமல் வேறு எதைப் பார்த்தாலும் வீண்.

மாரிட்ஸ்பர்க்_பட்டறை:
கூம்புத்தலை சொல்வதைப் பார்த்துவிடுவது நல்லது. அப்படியே பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டி ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) பேரிங்கையும், சக்கரக் கம்பிகளைத் தட்டிப் பார்த்து அவற்றின் இறுக்கத்தையும், கேரியர் மாட்டியிருக்கும் பின் சட்டத்தின் போல்ட்டுகளையும் சோதியுங்கள். இந்த வண்டியின் பின் சட்டம் ஆளைத் தாங்கச் செய்ததே ஒழியப் பெட்டிகளைத் தாங்கச் செய்ததல்ல. ஆனால் எனக்குத் தெரியவேண்டியது வேறு: கிளம்பியதிலிருந்தே ஆடியதா, வழியில் தொடங்கியதா? என்3 நெடுஞ்சாலையில் 100க்கு மேல் போயிருப்பீர்களே, அங்கே எப்படி இருந்தது?

வெருலம்_ஓட்டி:
என்3இல் 110 வரை போனேன், ஒன்றும் இல்லை. மெரிவேல் அருகே ஆர்617 சாலைக்குள் திரும்பிய பிறகும் கொஞ்ச தூரம் நன்றாகத்தான் இருந்தது. புல்வர் என்ற ஊரை நெருங்கும்போதுதான் தொடங்கியது. அது முக்கியமா?

டயர்_பித்தன்:
பார்த்தீர்களா! டயர் சூடேறியபின் ரப்பர் இளகியிருக்கிறது. நான் முதலிலேயே சொன்னேன்.

பெரியவண்டி:
புல்வர் மலையில் பாராகிளைடர் ஓட்டுபவர்கள் கூடுவது எதற்காக? அங்கே காற்று அப்படி. பக்கக் காற்றில் இரண்டு தகரப் பெட்டிகளை விரித்துக்கொண்டு போனால் எந்த வண்டியும் ஆடும். இலகு வண்டி என்றால் இன்னும் நன்றாகவே ஆடும்.

கரூ_தூசி:
பக்கக் காற்று என்றால் வண்டி ஒரு பக்கமாகத் தள்ளப்படும், தாளம் தப்பாமல் இருபுறமும் அலையாது. டயர் சூடாகியது என்றால் என்3இல் 110இலேயே சூடாகியிருக்க வேண்டும். வெருலத்தில் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினீர்களா, வழியில் எங்கேயாவது பெட்ரோல் போட்டீர்களா?

வெருலம்_ஓட்டி:
வீட்டருகே நிரப்பியதுதான். சஃபாரி நிறுவனத்தின் டேங்க், 17 லிட்டர். அண்டர்பர்க்கில் மீண்டும் நிரப்பினேன். திரும்பி வரும்போது முதலில் ஆடவில்லை, பிறகு ஆடியது.

மாரிட்ஸ்பர்க்_பட்டறை:
இந்த ஒரு வரியை முதலிலேயே எழுதியிருந்தால் பாதிப் பேருக்கு வேலை மிச்சம். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். 17 லிட்டர் நிறைந்த டேங்க் என்பது உங்கள் முழங்கால்களுக்கு முன்னால் 12, 13 கிலோ எடை. இந்த வண்டி நிதானமாகப் போனால் லிட்டருக்கு 20 கி.மீ. தரும், பெட்டியோடும் கண்ணாடியோடும் அதற்குக் குறைவாகத்தான் தரும். புல்வர் வருவதற்குள் முன்பக்கத்தில் இருந்த எடையில் பாதி எரிந்துபோயிருக்கும். பெட்டிகளில் இருக்கும் எடையோ குறையவே குறையாது. அதுவும் பின் அச்சுக்குப் பின்னால் தொங்குகிறது என்றால் முன் சக்கரத்தை மேலே நெம்பிக்கொண்டே இருக்கும். பின் ஸ்பிரிங் அமுங்கி, ஃபோர்க் படுத்து, முன் டயரின் பிடி தளர்ந்து, வண்டி அலைகிறது. பெட்டிகளின் நடுப்பகுதி பின் அச்சுக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்று ஒரு நூலைத் தொங்கவிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். உள்ளே என்ன இருந்தது என்பதையும் இப்போதாவது எழுதுங்கள்.

மெல்லிய_சுமை:
அலுமினியப் பெட்டியைக் கழற்றி விற்றுவிடுங்கள் என்பதே என் கருத்து. பெட்டியும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும் சேர்ந்தால், உள்ளே ஒரு துணி வைப்பதற்கு முன்பே பல கிலோ ஏறிவிடும். அதைவிட முக்கியமானது கால். சரளையில் வழுக்கும்போது காலை ஊன்றினால், வண்டி முன்னே நகர, பெட்டியின் விளிம்பு கெண்டைக்காலின் மேல் வந்து ஏறும். இருக்கையின் மேல் குதிரை லாட வடிவில் படியும் துணிப் பை போதும். எடை முன்னால் வரும், விழுந்தாலும் உடையாது. தைப்பூசத்தில் காவடி எடுப்பவர் பாரத்தைத் தோளில் சுமக்கிறார், முதுகுக்குப் பின்னால் கட்டித் தொங்கவிடுவதில்லை.

பெரியவண்டி:
துணிப் பை மாட்டிய வண்டியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள், திரும்பி வரும்போது பையும் இருக்காது, அதனுள் இருந்ததும் இருக்காது. பெட்டிக்குப் பூட்டு இருக்கிறது. மழையிலும் நனையாது.

மெல்லிய_சுமை:
பூட்டைத் திறக்கத் தெரியாத திருடன் பெட்டியோடு கழற்றிக்கொண்டு போவான். மழைக்கு உள்பை இருக்கிறது.

கரூ_தூசி:
இருவரும் பெட்டியை விடுங்கள். அவர் டேங்க் விஷயத்தில் செய்தது சரியா என்பதைப் பேசுவோம். செரஸ் நகருக்கும் கால்வினியாவுக்கும் இடையே ஆர்355 சாலை சுமார் 250 கி.மீ.; வழியில் ஓர் ஊர் கிடையாது, கத்தி போன்ற களிக்கல் சில்லுகள் டயரைக் கிழிக்கும். அந்த வண்டியோடு வரும் 10 லிட்டர் டேங்கை நம்பி அதில் இறங்க முடியாது, 17 லிட்டரில் தாராளமாகக் கடக்கலாம். ஆகவே பெரிய டேங்கைக் கழற்றச் சொல்லி யாரும் ஆலோசனை சொல்லிவிடாதீர்கள். முன்பக்கம் எடை கூடுவது இந்த விஷயத்தில் நல்லதுதான்.

பெரியவண்டி:
அவர் போவது சானிக்கு, நீங்கள் சொல்லும் ஆர்355 போகிற டாங்க்வா கரூ வறண்ட நிலத்துக்கு அல்ல. அண்டர்பர்க்கில் பெட்ரோல் கிடைக்கிறது. 17 லிட்டர் எதற்கு? மேலும் சானி உச்சி 2,876 மீட்டர். அந்த உயரத்தில் கார்புரேட்டர் வண்டிக்குக் காற்று போதாமல் பெட்ரோல் மிகுந்து மூச்சு முட்டும். அதைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

கரூ_தூசி:
அண்டர்பர்க்கில் கிடைக்கும், உச்சியில் ஏறிய பிறகு? லெசோத்தோ மலைகளுக்குள் அடுத்த பம்ப் நினைத்த இடத்தில் வராது. மூச்சு முட்டினால் வண்டி மெதுவாகப் போகும், அவ்வளவுதான். 90இல் ஆடுவதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?

வெருலம்_ஓட்டி:
பேரிங்குகள் நன்றாக இருக்கின்றன. பின் டயரில் 1.2 பார் இருந்தது, 2 ஆக்கினேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. பெட்டியின் நடு, அச்சுக்கு ஒரு சாண் பின்னால் வருகிறது. உள்ளே கருவிகள், இரண்டு டியூப், செயின், அடுப்பு, கூடாரம், தண்ணீர். பின் ஸ்பிரிங்கை நன்றாக இறுக்கிவிட்டால் போதுமா?

டயர்_பித்தன்:
கொஞ்சம் குறைந்தது என்று அவரே சொல்லிவிட்டார். குறித்துக்கொள்ளுங்கள்.

கூம்புத்தலை:
போதும். ஸ்பிரிங்கை அழுத்தி வைத்திருக்கும் பூண் வளையத்தைச் சுத்தியலும் உளியும் வைத்து முடிந்தவரை இறுக்குங்கள், பின்பக்கம் தூக்கி நிற்கும்.

மாரிட்ஸ்பர்க்_பட்டறை:
தூக்கி நிற்கும், ஆனால் வேலை முடியாது. வளையத்தை இறுக்குவதால் வண்டியின் உயரம் மாறுமே தவிர, ஸ்பிரிங்கின் வலு கூடாது. முதலில் அளந்து பாருங்கள், ஒரு நண்பரும் ஒரு அளவு நாடாவும் போதும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போது, அச்சிலிருந்து நேர் மேலே பின் மட்கார்டில் ஒரு குறி வைத்து, இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அடுத்து வண்டியைத் தரையில் இறக்கி, ஆளும் சாமானும் இல்லாமல் ஒரு முறை. கடைசியாகப் பயணத்தில் போகிற மாதிரியே பூட்ஸ், தலைக்கவசம், நிறைந்த பெட்டி, நிறைந்த டேங்கோடு நீங்கள் ஏறி, கால் வைக்கும் கட்டையில் கால் வைத்து உட்கார்ந்து ஒரு முறை, நண்பர் பிடித்துக்கொள்ளட்டும்.

முதல் அளவிலிருந்து கடைசி அளவைக் கழித்தால் வருவது, நீங்களும் சுமையும் சேர்ந்து அமுக்கும் தூரம். பின் சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அது இருக்க வேண்டும். இந்த வண்டியில் மொத்தம் 295 மி.மீ. என்பதால் 100 மி.மீ.யை ஒட்டி வந்தால் நலம். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது, வண்டி தன் எடைக்கே அமுங்கும் தூரம். அது 25இலிருந்து 35 மி.மீ. வரை இருக்கட்டும். இப்போது கவனியுங்கள்: வளையத்தை இறுக்கி இறுக்கி 100ஐ எட்டிய பிறகு, வெறும் வண்டி கொஞ்சமும் அமுங்காமல் விறைத்து நின்றால், ஸ்பிரிங் உங்களுக்கும் சுமைக்கும் மெலிந்தது என்று பொருள். அதற்கு மருந்து கனமான ஸ்பிரிங் மட்டும்தான். ஸ்பிரிங்கை மாற்றினால் ஷாக் (பின் அதிர்வுத் தாங்கி) திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகையும் ஓரிரு படி மெதுவாக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு மேட்டிலும் இருக்கை உங்களைத் தூக்கி எறியும்.

அதற்கு முன்னால் காசு செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. கருவி, செயின், டியூப், தண்ணீர் ஆகிய கனமானவற்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, எஞ்சின் காப்புத் தகட்டருகிலும் டேங்கின் இரு பக்கப் பைகளிலும் வையுங்கள். கூடாரமும் துணியும் பின்னால் இருக்கட்டும்.

பெரியவண்டி:
இவ்வளவு அளப்பதற்குப் பதிலாக, ஏற்கெனவே அளந்து செய்த வண்டியை வாங்கியிருக்கலாம்.

மாரிட்ஸ்பர்க்_பட்டறை:
அந்த வண்டிகளின் கையேட்டிலும், இரண்டு பேரும் சாமானும் ஏறினால் ஸ்பிரிங்கை எத்தனை படி திருப்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறது அண்ணா. படிக்கிறவர்கள்தான் குறைவு.

மெல்லிய_சுமை:
முன் மட்கார்டையும் யாரும் கேட்கவில்லை. அந்த உயரமான மட்கார்டு நெடுஞ்சாலையில் காற்றைப் பிடித்து முன்பக்கத்தைத் தூக்கும். ஹேண்டில்பாரோடு திரும்புகிற கண்ணாடியும் அப்படியே. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் செலவில்லாமல் தெரிந்துவிடும்.

கரூ_தூசி:
என்ன ஆயிற்று தம்பி? அளந்தீர்களா?

கூம்புத்தலை:
சத்தமே இல்லை. கிளம்பிவிட்டாரோ?

வெருலம்_ஓட்டி:
அளந்தேன். சுமையோடு 142 மி.மீ. அமுங்கியது. இறுக்கி 108க்குக் கொண்டுவந்ததும் வெறும் வண்டி 6 மி.மீ.தான் அமுங்குகிறது. கனமான ஸ்பிரிங் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வருகிறது. கருவிகளையும் தண்ணீரையும் முன்னால் மாற்றியதிலேயே, பாதி டேங்கோடு 105 வரை ஆடவில்லை. பெட்டிகளைக் கழற்றிவிட்டேன், யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள். நன்றி.

டயர்_பித்தன்:
காற்று 2 பாரிலேயே இருக்கிறதா, குறைத்துவிட்டீர்களா? அதைச் சொல்லாமல் ஸ்பிரிங்தான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது.

பெரியவண்டி:
பெட்டிகள் என்ன விலை? எந்தச் சட்டத்தோடு வருகின்றன?

மாரிட்ஸ்பர்க்_பட்டறை:
எத்தனை வலு உள்ள ஸ்பிரிங் சொல்லியிருக்கிறீர்கள் தம்பி? முன் ஃபோர்க்கில் பழையதையே விட்டுவிட்டுப் பின்னால் மட்டும் மிகக் கனமாகப் போட்டால், சானியிலிருந்து இறங்கும்போது மூக்கு குத்தும். ஸ்பிரிங்கின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.