லண்டன் – பாரிஸ் விமானம்: டிக்கெட்டில் ஒரு நேரம், நிஜத்தில் வேறு. உங்கள் அனுபவம்?

ஊர்க்குருவி:
நேர்கோட்டில் 344 கி.மீ.தான். வானத்தில் இருப்பது முக்கால் மணி, டிக்கெட்டில் 1 மணி 20 நிமிடம். இதெல்லாம் தெரிந்த கதை. எனக்கு மறக்காதது பாரிஸிலிருந்து திரும்பும்போது பக்கத்து சீட்டில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர். பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலில் சாமான் வாங்கிக்கொண்டு வந்தவர். மகளுக்கு போனில், "பதினொண்டுக்கு வெளிக்கிட்டு பதினொண்டு இருபதுக்கு அங்க நிற்பன் பிள்ளை" என்றார். லண்டன் ஒரு மணி நேரம் பின்தங்கியது என்று சொல்லிப் பார்த்தேன். "டிக்கெட்டிலயே போட்டிருக்கு தம்பி" என்று எடுத்தே காட்டிவிட்டார். அப்புறம் ஹீத்ரோவில் இடம் கிடைக்காமல் பிகின் ஹில் மேலே வட்டமடித்தோம். ஒவ்வொரு வட்டத்துக்கும் என்னைத்தான் முறைத்தார்!

தண்டவாளம்:
இந்தத் தூரத்துக்கு விமானம் எதற்கு? லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் ஸ்டேஷனிலிருந்து பாரிஸின் கார் து நோர் ஸ்டேஷனுக்கு யூரோஸ்டார் ரயிலில் 2 மணி 20 நிமிடம். ஊர் நடுவில் ஏறி ஊர் நடுவில் இறங்கலாம். அந்தப் பெரியவர் ரயிலில் போயிருந்தால் லா சப்பல் அந்த ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே இருக்கிறது. என் அனுபவம் இவ்வளவுதான்: லண்டன் ஸ்டேஷனிலேயே பிரெஞ்சு அதிகாரி பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திவிட்டார். பிரான்ஸுக்குள் வந்தாயிற்று, வெளியே லண்டன் மழை. அந்த அரை மணி நேரம் நான் எந்த நாட்டில் இருந்தேன் என்று இன்னும் யோசிக்கிறேன்.

வெள்ளாட்டுக்குட்டி:
தண்டவாளம், கடைசி நேரத்தில் ரயில் டிக்கெட் என்ன விலை என்று பார்த்திருக்கிறீர்களா? நான் டப்ளினிலிருந்து மலிவு டிக்கெட்டில் "பாரிஸ்" போனேன். இறங்கியது போவே. பாரிஸுக்கு 80 கி.மீ.க்கு மேல். பறந்தது ஒன்றே முக்கால் மணி, பஸ்ஸில் இன்னொரு ஒன்றேகால் மணி. ஜன்னலில் கோதுமை வயலாகப் போய்க்கொண்டிருக்க, நண்பன் "ஈபிள் டவர் தெரியுதா?" என்று மெசேஜ் அனுப்புகிறான். பதில் போடவில்லை.

மேகக்கணக்கு:
ஹீத்ரோ – ஆம்ஸ்டர்டாம். ஸ்கிபோலில் சக்கரம் தரையைத் தொட்டதும் பெல்ட்டைக் கழற்றப் போனேன். கீழே பார்த்தால் லாரி! நெடுஞ்சாலைக்கு மேல் பாலத்தில் விமானம் ஓடிக்கொண்டிருக்கிறது. 2003இல் திறந்த போல்டர்பான் ஓடுபாதை அது. அங்கிருந்து முனையத்துக்கு வரவே கால் மணி.

யாருக்காவது உதவும் என்பதால் சொல்கிறேன். டிக்கெட்டில் உள்ள நேரம் பறக்கும் நேரம் அல்ல. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வது முதல் மறுமுனையில் நிற்பது வரை. தரையில் ஓடுவது, வரிசையில் நிற்பது, தாமதத்துக்கென்று முன்கூட்டியே சேர்த்துவைப்பது எல்லாம் அதில் அடக்கம். நேர்கோட்டுத் தூரத்தை கி.மீ.யில் எடுத்து 800ஆல் வகுத்து, வரும் மணிக்கணக்கோடு அரை மணி கூட்டுங்கள், பறக்கும் நேரம் ஏறக்குறைய வரும். ஐரோப்பாவில் கிழக்கிலிருந்து மேற்கே போனால் எதிர்க்காற்று, கொஞ்சம் கூடும். டிக்கெட் எடுக்கும் முன் நகரின் பெயரைப் பார்க்காதீர்கள், விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். பாரிஸுக்கு சி.டி.ஜி. (சார்ல் து கோல்) என்றால் ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயில், ஓ.ஆர்.ஒய். (ஓர்லி) என்றால் 2024 முதல் 14ஆம் எண் மெட்ரோ நேராக வருகிறது, பி.வி.ஏ. (போவே) என்றால் வெள்ளாட்டுக்குட்டியின் கோதுமை வயல்.

தண்டவாளம்:
மேகக்கணக்கு, 800 என்பது உயரத்தில் நேராகப் பறக்கும்போது வரும் வேகம். 344 கி.மீ.யில் ஏறி முடிக்கும் முன் இறங்க வேண்டியிருக்கிறது, அந்த வேகம் எத்தனை நிமிடம் இருக்கும்? வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டுக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.