சளி கிருமிக்குப் பசையா, பொறியா?

பாலாற்றங்கரை (காட்பாடி): என் மகளுக்கு மூன்று வாரமாகச் சளி. பக்கத்து வீட்டு அம்மா, "சளி பசை மாதிரி. அதில் ஒட்டித்தான் கிருமி உடம்பில் இறங்கும், சுத்தமா வத்த வை" என்கிறார். எனக்கும் அது சரியென்றே படுகிறது. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

லேப்_தம்பி (வேலூர்): நான் மறுக்கிறேன் அண்ணே. கிருமி ஒட்டுவது உண்மை, ஆனால் எதில் ஒட்டுகிறது? திசு புண்ணானால் ஃபைப்ரோநெக்டின், கொலாஜன் போன்ற புரதங்கள் வெளியே தெரியும். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவிடம் ஃபைப்ரோநெக்டினைப் பிடிக்கவென்றே இரண்டு புரதங்கள் உண்டு. அது திசுவைத் தொடும் முன்னால் சளி குறுக்கே நிற்கிறது. சளியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். மீதியில் முக்கியமானது மியூசின், உடம்பெல்லாம் சர்க்கரைச் சங்கிலி முளைத்த புரதம். செல்லின் மேலிருக்கும் சர்க்கரை போலவே இருப்பதால் பல கிருமிகள் ஏமாந்து இதைப் பிடித்துக்கொண்டு, பொறியில் விழுந்த எலி மாதிரி மாட்டிக்கொள்ளும். மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் அதைத் தொண்டைக்குத் தள்ளிவிடும்.

ஆற்காடு_அக்கா: எல்லாக் கிருமியும் ஏமாறாது தம்பி. என் வீட்டுக்காரருக்கு அல்சர் தந்த ஹெலிகோபாக்டர் பைலோரி சளிக்குள்ளேயே குடியிருக்கிறது. யூரியேஸ் நொதியால் சுற்றியுள்ள அமிலத்தைக் குறைக்கும், சளி இளகும், உடனே நீந்திப் போய்விடும். மார்ஷலும் வாரனும் 2005-இல் நோபல் வாங்கியது இந்தக் கிருமிக்காகத்தான். இதையும் பொறி என்பாயா?

லேப்_தம்பி: பைலோரி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான் அக்கா. ஆனால் அது வயிற்றுச் செல்லைப் பிடிக்கும் அதே கையால் மியூசினையும் பிடிக்கிறது. அப்படி மாட்டுவதில் ஒரு பங்கு சளியோடு கழிந்துபோகும். சிறுநீரிலும் இதே கதை. ஈ.கோலை என்ற பாக்டீரியா மேனோஸ் சர்க்கரையைத் தேடும், சிறுநீரில் இருக்கும் யூரோமாடுலின் என்ற புரதம் அதைக் காட்டி இழுக்கும், இரண்டும் சேர்ந்து வெளியேறிவிடும்.

ஆற்காடு_அக்கா: வெளியேறினால் சரி. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவரின் நுரையீரலில் சளி கெட்டியாகித் தேங்குகிறது, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அங்கேயே காலனி போடுகிறது. அங்கே சளி வீடுதானே?

லேப்_தம்பி: ஆமாம், நகராத சளி ஆபத்து. நான் சொல்வதும் அதேதான். அறுத்த வெண்டைக்காயை நம்ம ஊர் மே மாதத்தில் மின்விசிறிக்குக் கீழே வைத்துப் பாருங்கள். கொழகொழப்பு இருக்கும்வரை தட்டில் வழுக்கும், காய்ந்தால் கத்தியால் சுரண்ட வேண்டும். அதனால் அண்ணே, வற்றவைக்காதீர்கள். தண்ணீர் நிறையக் கொடுங்கள். மூன்று வாரமென்றால் டாக்டரிடம் காட்டியே ஆகணும்.

ஆற்காடு_அக்கா: வயிற்றுச் சளி விஷயத்தில் நான் மாறவில்லை. குழந்தையைக் காட்டச் சொன்னது சரி.

பாலாற்றங்கரை: வற்றவைக்கும் மருந்தை எடுத்து வைத்துவிட்டேன். நாளைக் காலை குழந்தை டாக்டரிடம் போகிறோம்.