லெஃப்ட் பேக்: திட்டிப் பார்த்துத் தேர்ந்த சொல்

அனைவருக்கும் வணக்கம். கால்பந்தில் பின்வரிசையின் இடது ஓரத்தில் நின்று தடுப்பவரை ‘லெஃப்ட் பேக்’ என்பார்கள். அதற்குத் தமிழில் ‘காவல்’ என்று வரும் ஒரு சொல்லை நான் சொன்னதும் வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> ‘இடது பின்கள வீரர்’ என்று ஏற்கெனவே எழுதுகிறார்கள். அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் பின்களத்தில் நாலு பேர் நிற்கிறார்கள். நடுவில் இருக்கும் இருவரில் ஒருவர் இடது பக்கமாகத்தான் நிற்பார். அவரும் இடது பின்கள வீரர்தானே? யாரைச் சொல்கிறோம் என்று விளக்க இன்னொரு வாக்கியம் வேண்டியிருக்கிறது. இயந்திர மொழிபெயர்ப்பில் ‘இடது முதுகு’ என்று வந்ததாக இன்னொருவர் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் கை தைல பாட்டிலைத் தேடியது.

குழப்பம் நம்முடையது மட்டுமில்லை, ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் 2-3-5 என்று (பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர்) அணிவகுத்தபோது கடைசியில் நின்ற இரண்டு பேருக்குத்தான் ஃபுல் பேக் என்று பெயர். அவர்களுக்கு முன்னால் நின்ற மூவர் ஹாஃப் பேக். பிறகு நடுவில் ஆட்கள் இறங்கி வர, இந்த இருவரும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். இடம் மாறியும் பெயர் மாறவில்லை. அந்தப் பழைய பெயரை நாம் எழுத்துக்கு எழுத்து பெயர்த்து என்ன பயன்? ஜெர்மன்காரர்கள் ‘வெளிப்பக்கத் தடுப்பாளர்’ என்று சொல்கிறார்கள். ஸ்பானியர்களுக்குப் ‘பக்கவாட்டு ஆள்’. ரெண்டு பேரும் ஆள் நிற்கும் இடத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

என் யோசனை இது: ஒரு வேலைக்குப் பெயர் தேடினால், அந்த வேலையை மோசமாகச் செய்தவர்களைப் பற்றி ரசிகர்கள் எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்று கவனியுங்கள். நல்லா ஆடியவரைப் பற்றிப் பேசினால் வெறும் பாராட்டுதான் வரும். சொதப்பியவரைத் திட்டும்போதுதான், இவர் செய்யவேண்டியது என்ன என்பது வாயில் வந்து விழும். நான் இங்கிலாந்தின் லிவர்பூல் அணி ரசிகன். எங்களுக்கு இந்த விஷயத்தில் பஞ்சமே இருந்ததில்லை.

முதலில் எல்லோரும் சொல்லும் பெயர் ஜிமி ட்ராவோரே. 2005 ஜனவரி, பர்ன்லி அணியின் மைதானம், இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை. தாழ்வாக ஒரு பந்து கோல் முன்னால் வருகிறது. காலை வீசி வெளியே அடித்திருந்தால் கதை முடிந்தது. அவரோ பந்தைக் காலடியில் இழுத்து உடம்பைத் திருப்பப் பார்த்தார். பந்து அவர் காலோடு சேர்ந்து உருண்டு நம் வலைக்குள்ளேயே போய்விட்டது. 1-0 தோல்வி. (ஓன் கோலுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையில் நான் கலந்துகொள்ளப் போவதில்லை. ‘சேம் சைடு கோல்’ அரசியல் மேடை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை இனி யாராலும் பிடுங்க முடியாது.)

ஆனால் அதே ஆள் நாலு மாதம் கழித்து இஸ்தான்புல்லில் மிலான் அணிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் ஆடினார். நமக்கு அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. முதல் நிமிடத்திலேயே அவர் மிலானின் காகாவைத் தடுக்கப் போய் ஃப்ரீ கிக் கொடுக்க, மால்டினி கோல் அடித்தார். இடைவேளையில் மிலான் 3-0. நம் பயிற்சியாளர் பெனிடெஸ் ட்ராவோரேயை வெளியே எடுப்பதாகவே முடிவு செய்திருந்தார். மனிதர் குளிக்கக் கிளம்பிவிட்டார் என்றுகூடச் சொல்வார்கள். நம் அணியின் ஃபினனுக்குக் காயம் என்றதும் திரும்பக் கூப்பிட்டார்கள். அப்புறம் 3-3 ஆனது தெரிந்த கதை. அந்தச் சமயத்தில் நம் கோல்கீப்பர் டுடெக் கையிலிருந்து பந்து நழுவி, மிலானின் ஷெவ்சென்கோ அடித்ததைக் கோட்டின் மேல் நின்று வெளியே தள்ளியது யார்? ட்ராவோரேதான். கடைசியில் பெனால்டியில் கோப்பை நம்முடையது. அவரை மோசம் என்று சொல்ல எனக்கு நா எழாது.

அடுத்த பெயர் பால் கொன்செஸ்கி. 2010இல் வந்தார், அடுத்த ஜனவரியிலேயே வேறு அணிக்குக் கடனாகப் போனார். லீக்கில் ஆடியது 15 ஆட்டம். அப்போதைய பயிற்சியாளர் ராய் ஹாட்ஜ்சன் தன் பழைய அணியிலிருந்து கூட்டி வந்த ஆள் என்பதால், ஹாட்ஜ்சன் மேல் இருந்த கோபத்தில் பாதி இவர் தலையில் இறங்கியது. இவரைப் பற்றி வேறு பேச ஒன்றுமில்லை.

நம் இன்னொரு லெஃப்ட் பேக் ரீஸேயை இந்தப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. 2008 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் செல்சிக்கு எதிராகக் கடைசி நொடிகளில் தலையால் நம் வலைக்குள்ளேயே முட்டினார், உண்மை. அது ஒரு விபத்து. வருடக்கணக்கில் அந்தப் பக்கத்தை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டவர் அவர்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

> ‘காவல்’ என்று பெயர் வைத்தால் முன்னேறிப் போய்த் தாக்குவது விட்டுப்போகிறதே. லிவர்பூலுக்கு லெஃப்ட் பேக்காக ஆடிய ராபர்ட்சன் எத்தனை கோலுக்குப் பந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்?

நல்ல கேள்வி. இதற்குப் பதில் அவருக்கு முன்னால் அந்த இடத்தில் ஆடிய ஆல்பெர்ட்டோ மொரேனோ. துடிப்பான ஆள், வேகமும் உண்டு, முன்னால் போவதில் குறையே சொல்ல முடியாது. 2016இல் பாசலில் செவியா அணியுடன் யூரோப்பா லீக் இறுதிப் போட்டி. இடைவேளையில் 1-0 என்று முன்னிலை. இரண்டாம் பாதி தொடங்கி 17 நொடிதான். மொரேனோ தலையால் தட்டிய பந்து வலுவில்லாமல் எதிரணியின் மரியானோ காலுக்கே போனது. அவர் அதை மொரேனோவின் இரு கால்களுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போய்க் கொடுக்க, கமெய்ரோ கோல் அடித்தார். ஆட்டம் 3-1 என்று கைவிட்டுப் போனது. அடுத்த சீசன் முழுக்க அந்த இடத்தில் நடுக்கள ஆட்டக்காரரான மில்னரை நிறுத்தினார் பயிற்சியாளர் க்ளோப். வலது கால்காரர், பழக்கமில்லாத இடம், ஆனாலும் நம் பக்கம் பத்திரமாக இருந்தது. 2017 நவம்பரில் செவியா ஊரில் மொரேனோ மறுபடியும் ஆடினார். 3-0 முன்னிலை. ஒரு ஃப்ரீ கிக், ஒரு பெனால்டி, இரண்டையும் கொடுத்தது அவர். ஆட்டம் 3-3.

கவனியுங்கள்: மொரேனோ முன்னால் போய்ச் செய்ததை வைத்து யாரும் அவரைத் திட்டியதில்லை. எல்லா வசவும் பின்னால் விட்டுவிட்டு வந்த இடத்தைப் பற்றித்தான். ராபர்ட்சன் எடுத்துக் கொடுப்பதெல்லாம் உபரி. அடிப்படை வேலை ஓரத்தைக் காப்பது. அதனால் என் பரிந்துரை ஓரக்காவல். இடதோரக் காவல், வலதோரக் காவல். நடுவில் நிற்பவர் நடுக்காவல்.

‘இடக்காவல்’ என்று சுருக்கலாமே என்றார் ஒருவர். வேண்டாம். மனை வாங்கிப் போட்டவர் வைக்கும் வாட்ச்மேன் மாதிரி இருக்கிறது. ‘இடதோரன்’ கூப்பிட வசதிதான், ஆனால் பெண்கள் ஆட்டத்துக்கு உதவாது. காவல் என்று நிறுத்தினால் ஆளுக்கும் வரும், வேலைக்கும் வரும். கபடியில் ‘கார்னர்’ அப்படித்தானே புழங்குகிறது. பின்னால் மூவர் மட்டும் நிற்கும் ஆட்டத்தில் ஓரம் முழுக்க ஏறி இறங்கும் விங் பேக் வேறு ஆள். அவருக்கு ‘முன்னோடி’யைப் பார்த்து ‘ஓரவோடி’ என்று வைக்கலாம். இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

நேற்று ராத்திரி பழைய ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மச்சானிடம் ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் சொல்லிப் பார்த்தேன்: “மொரேனோ இருந்த வரைக்கும் இடதோரத்துல காவலே இல்ல.” அவன் என்ன சொல் இது என்று கேட்கவில்லை. டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “நீங்க கொன்செஸ்கியை மறந்துட்டீங்க மாமா” என்றான். அதிலிருந்து அரை மணி நேரம் சண்டை.